மொழிக் கொடையும் மொழிக் கடனும்

பொருளைக் கொடுத்தால் கொடுத்தவனிடம் குறையும். கல்வியைக் கொடுத்தால் குறையாது, பெருகும் என்று இளமையிலேயே நமக்குச் சொல்லித் தந்துவிடுகிறார்கள். அதனால் கற்பிப்பதைக் கொடைகளிலெல்லாம் மாசற்ற கொடை என்று கருதுவது நம் வழக்கமாகிவிட்டது. பசித்தவனுக்குச் சோறிடுகிறவனிடம்கூட, அந்தச் சோறு எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டுவிடக்கூடும். எழுத்தறிவிக்கிறவனிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. அதிலும், கடல் கடந்து சென்று, கூலி பெறாமல், முன்பின் அறியாத மக்களின் பிள்ளைகளுக்குத் தன் மொழியைக் கற்றுக் கொடுக்கும் ஓர் இளைஞனிடம் கணக்குக் கேட்பது நன்றி கொன்ற செயலாகவே தோன்றும்.

ஆயினும் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஏனெனில் மொழி என்பது கணக்கைப் போலவோ, நெசவைப் போலவோ கைமாறும் ஒரு வித்தை மட்டுமன்று. அதனோடு ஒரு வாழ்க்கை முறையும், ஒரு வரலாறும், பல வேளைகளில் ஓர் அதிகாரமும் உடன் செல்கின்றன. கொடுப்பவன் அறிந்தோ அறியாமலோ அவற்றையும் சேர்த்தே கொடுக்கிறான். அப்படியானால், பிற மக்களிடம் சென்று தன் மொழியைக் கற்பிப்பவனுக்கு நல்லெண்ணம் ஒன்றே போதுமா? அவன் செய்வது கொடையா, கடனடைப்பா, அல்லது கொடையின் உடுப்பை அணிந்துகொண்ட வேறொன்றா? ஸ்பானிய மொழி பேசும் அமெரிக்க நாடுகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் செல்லும் தொண்டர்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்ந்து பார்ப்போம்.

செல்கிறவர் யார்?

1961ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி ஓர் ஆணை பிறப்பித்து அமைதிப்படை என்னும் தொண்டர் அமைப்பைத் தோற்றுவித்தார். முதன்முதலில் தொண்டர்களை வரவேற்ற நாடுகளுள் கொலம்பியாவும் சிலியும் இருந்தன. கிணறு வெட்டவும், கோழி வளர்க்கவும், உடல்நலம் பேணவும் சென்றவர்களோடு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றவர்களும் இருந்தனர். பின்னர், அரசு சாராத அமைப்புகளும் இத்துறையில் இறங்கின. 1986இல் ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர்களிடையே தோன்றிய வேர்ல்டு டீச் என்னும் அமைப்பு அவற்றுள் ஒன்று; கோஸ்ட்டாரிக்காவுக்கும் ஈக்குவடாருக்கும் அது ஆசிரியர்களை அனுப்பியது. சிலி நாட்டின் கல்வி அமைச்சகமே, ஆங்கிலம் கதவுகளைத் திறக்கும் என்று பொருள்படும் பெயரில் 2004ஆம் ஆண்டையொட்டி ஒரு திட்டம் வகுத்தது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு அது வெளிநாட்டுத் தொண்டர்களை அழைத்து, ஊர்க் குடும்பங்களில் தங்க வைத்து, சிலி நாட்டு ஆசிரியர்களின் பக்கத்தில் நின்று பணியாற்றச் செய்தது. இவை போக, தொண்டரிடமே கட்டணம் பெற்றுக்கொண்டு சில வாரங்களுக்கு அவரை ஏதேனும் ஒரு பள்ளியில் சேர்த்துவிடும் வணிக நிறுவனங்களும் பெருகின.

செல்கிறவர் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதினர். கல்லூரிப் படிப்பை முடித்தவர், அல்லது முடித்துக்கொண்டிருப்பவர். ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அவர்களுள் சிலரே. மற்றவர்களிடம் உள்ள தகுதி ஒன்றுதான்: பிறந்த வீட்டில் ஆங்கிலம் பேசப்பட்டது. தாய்மொழியாகப் பேசுகிறவன் அதைக் கற்பிக்கவும் வல்லவன் என்ற நம்பிக்கையின் மீதே இந்த ஏற்பாடு பெருமளவுக்கு நிற்கிறது. நாம் எல்லோரும் தமிழ் பேசுகிறோம். ஆனால் "நான் வந்தேன்" என்பதற்கும் "எனக்கு வந்தது" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஓர் அயலாருக்கு விளக்கச் சொன்னால் நம்மில் எத்தனை பேர் விழிப்போம் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த நம்பிக்கையின் வலிமை எவ்வளவு என்பது புலனாகும்.

இல்லிச்சின் குற்றச்சாட்டு

இத்தொண்டின் மீது எழுந்த குற்றச்சாட்டுகளில் மிகக் கடுமையானது, தொண்டர்களின் முகத்துக்கு நேராகவே சொல்லப்பட்டது. 1968ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், மெக்சிகோ நாட்டின் குவெர்னவாக்கா நகரில், கோடை விடுமுறையில் மெக்சிகோவின் கிராமங்களுக்குத் தொண்டு செய்யச் செல்லும் வட அமெரிக்க மாணவர்களின் அமைப்பு ஒரு கூட்டம் நடத்தியது. பேச அழைக்கப்பட்டவர் இவான் இல்லிச். வியன்னாவில் 1926இல் பிறந்தவர், கத்தோலிக்கக் குரு, நியூயார்க்கில் புவர்ட்டோரிக்கா ஏழைகளிடையே பணி செய்தவர், பிறகு புவர்ட்டோரிக்காவிலேயே பல்கலைக்கழகப் பொறுப்பு வகித்தவர். பாராட்டை எதிர்பார்த்து அமர்ந்திருந்த மாணவர்களிடம், உங்கள் நல்லெண்ணத்தால் இம்மக்களுக்கு யாதொரு பயனும் இல்லை. நீங்கள் அழைக்கப்படாமல் வந்தவர்கள். உங்கள் நாட்டின் வாழ்க்கை முறைக்கு அறியாமலே விளம்பரம் செய்கிறவர்கள். அவர்களது மொழிகூடத் தெரியாத நீங்கள் செய்யும் உதவி அவர்களை இழிவுபடுத்துகிறது என்ற கருத்தை அவர் சற்றும் இனிப்புத் தடவாமல் எடுத்துரைத்தார். வருவதானால் சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள். உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பதே அவருடைய முடிவு.

இக்குற்றச்சாட்டைச் சினத்தில் பிறந்த சொற்கள் என்று தள்ளிவிட முடியாது. இல்லிச் ஒரு நல்ல நிறைகோலைத் தம் கையில் வைத்திருந்தார். நாமும் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். பெரு நாட்டு மலையூர் ஒன்றிலிருந்து, பயிற்சி ஏதுமற்ற, ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத இருபது வயது இளைஞன் ஒருவன் சிக்காகோ நகரத்துப் பள்ளிக்குச் சென்று, "உங்கள் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் ஸ்பானிய மொழி கற்பிக்க வந்திருக்கிறேன், எனக்குச் சம்பளம் வேண்டாம்" என்று நின்றால் என்ன நடக்கும்? அவனுடைய சான்றிதழ்களைக் கேட்பார்கள். காவல்துறையின் நற்சான்று கேட்பார்கள். பெற்றோர் சங்கம் கூடும். சம்பளம் வேண்டாம் என்ற அவனுடைய பெருந்தன்மையே ஐயத்திற்கு இடமளிக்கும். அங்கே தகுதியின்மையாகத் தெரிவது இங்கே தியாகமாகத் தெரிவதன் காரணம் என்ன? பிள்ளைகளின் மதிப்பு இரண்டு ஊர்களில் இரண்டு விதமாக எடைபோடப்படுகிறது என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல இயலவில்லை.

இந்நிறைகோலில் முதலில் தாழ்ந்து தெரிபவர் அவ்வூர் ஆசிரியர். அவர் பல ஆண்டுகள் முயன்று ஆங்கிலம் கற்றவர். குறைந்த ஊதியத்தில், நெருக்கமான வகுப்பில், ஒவ்வோர் ஆண்டும் அதே பாடத்தை நடத்துகிறவர். ஒருநாள் பொன்னிறத் தலைமுடியோடு ஓர் இளைஞன் வந்து வகுப்பில் நிற்கிறான். பிள்ளைகளின் கண்கள் அவனிடம் சென்றுவிடுகின்றன. அவனுடைய உச்சரிப்பே உச்சரிப்பு; தங்கள் ஆசிரியர் இதுவரை சொல்லித் தந்தது பிழை என்று அவர்கள் எண்ணத் தொடங்குகிறார்கள். சில மாதங்களில் அவன் போய்விடுவான். ஆசிரியர் அங்கேயே இருப்பார். ஆனால் பிள்ளைகளின் மதிப்பில் முன்னிருந்த இடத்தில் இருக்கமாட்டார். இவ்விழப்பை எந்த அறிக்கையும் கணக்கில் எழுதுவதில்லை.

அடுத்து, பிள்ளைகள். வருகிறவன் ஒவ்வொருவனும் வணக்கத்தில் தொடங்கி, நிறங்களின் பெயர்களையும் எண்களையும் சொல்லித் தந்து, பழகிய வேளையில் விடைபெறுகிறான். அடுத்தவன் மீண்டும் வணக்கத்தில் தொடங்குகிறான். பிள்ளைகள் அதே நிறங்களையும் எண்களையும் நான்காம் முறை சிரித்த முகத்தோடு ஒப்பிக்கிறார்கள். கற்றுக்கொண்டது என்னவோ, பிரிவதற்கு வருகிறவர்களிடம் எவ்வளவு அன்பு வைக்கலாம் என்னும் அளவைத்தான். அது பிள்ளைகள் கற்க வேண்டிய பாடமன்று.

மறுபக்கத்தின் நியாயம்

இத்தனையும் உண்மை. ஆயினும் இல்லிச்சின் முடிவை அப்படியே ஏற்றுக்கொள்ள மனம் ஒப்பவில்லை. ஏனெனில் அம்முடிவில், உதவி பெறும் மக்களின் விருப்பம் என்ன என்ற கேள்விக்கு இடமில்லை.

கோஸ்ட்டாரிக்காவில் பயணிகளின் வருகையாலும், வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தொலைபேசி வழியே சேவை செய்யும் அலுவலகங்களாலும் பிழைக்கும் குடும்பங்கள் பல. அங்கே ஆங்கிலம் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் உள்ள வேறுபாடு, விடுதியின் வரவேற்பறையில் நிற்பதற்கும் அதன் பின்கட்டில் துணி வெளுப்பதற்கும் உள்ள வேறுபாடாகும். ஈக்குவடாரின் கலாபகோஸ் தீவுகளில் வழிகாட்டியாக வேலை தேடும் மீனவர் மகனுக்கும் அதே நிலைதான். அவனுடைய தாய், "என் மகனுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுங்கள்" என்று கேட்கும்போது, "வேண்டாம் அம்மா, அது உங்கள் பண்பாட்டைக் கெடுத்துவிடும்" என்று விடை சொல்கிறவர், தாமே ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் எழுதி, அதனால் உயர்ந்தவராயிருந்தால், அவ்விடையை என்ன பெயரிட்டு அழைப்பது? தான் ஏறிய ஏணியை மற்றவன் கால் வைக்குமுன் எடுத்துவிடுவதும் ஓர் ஆணவமே. வசதி உள்ள வீட்டுப் பிள்ளை தலைநகரின் தனியார் பள்ளியில் எப்படியும் ஆங்கிலம் கற்றுவிடும். தொண்டர் வராமற்போனால் இழப்பு ஏழை வீட்டுப் பிள்ளைக்கே.

எனவே அயலான் செல்லலாமா கூடாதா என்று கேட்பதால் பயன் குறைவு. எந்த நிலையில், எந்த முறையில், யாருடைய அழைப்பின்மேல் என்று கேட்பதே பொருத்தம். இதற்கு விடை காண, மொழியும் அதிகாரமும் கைகோத்து நடந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

ஒரு மொழியின் இரு முகங்கள்

ஆங்கிலம் கற்பிக்கச் செல்கிறவன் சந்திக்கும் ஸ்பானிய மொழி, அம்மண்ணில் தானே முளைத்த மொழியன்று. 1492ஆம் ஆண்டு சனவரியில் கிரனடா நகரம் வீழ்ந்தது. ஸ்பெயினில் எஞ்சியிருந்த கடைசி முஸ்லிம் அரசு அதனோடு முடிந்தது. அதே ஆண்டில் அறிஞர் நெப்ரிஹா ஸ்பானிய மொழிக்கு இலக்கணம் எழுதி இசபெல்லா அரசிக்குப் படைத்தார். பேரரசுக்கு மொழி என்றும் உற்ற துணையாக வந்திருக்கிறது என்ற கருத்தை அதன் முன்னுரையில் அவர் வெளிப்படையாகவே கூறியிருந்தார். அதே ஆண்டில்தான் கொலம்பசின் கப்பல்களும் புறப்பட்டன. 1567இல் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை ஒன்று, கிரனடாவில் எஞ்சியிருந்த முஸ்லிம் வழித்தோன்றல்கள் மூன்றாண்டுகளுக்குள் ஸ்பானிய மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும், அதன்பின் அரபு மொழியைப் பேசவோ எழுதவோ படிக்கவோ கூடாது என்று விதித்தது. மறு ஆண்டே மலைப் பகுதிகளில் கிளர்ச்சி வெடித்தது. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, 1770இல் மூன்றாம் கார்லோஸ் மன்னர், அமெரிக்கக் குடியேற்ற நாடுகளிலுள்ள தொல்குடியினரின் மொழிகள் மறைந்து ஸ்பானிய மொழி ஒன்றே பேசப்பட வேண்டும் என்று ஆணையிட்டார். ஒருவர் வாயிலிருந்து அவர் தாயின் மொழியைப் பிடுங்குவதற்கும் கற்பித்தல் என்றே அன்று பெயரிட்டிருந்தார்கள்.

ஆனால் மொழியின் வரலாறு ஆணைகளின்படி மட்டுமே நடப்பதில்லை. தடைசெய்யப்பட்ட அரபு, தடைசெய்த மொழியின் உள்ளேயே குடியிருந்தது. ஸ்பானிய மொழியில் சர்க்கரைக்கு அசூகார் என்று பெயர்; எண்ணெய் அசேய்த்தே; பருத்தி அல்கொதோன்; தலையணை அல்மோஆதா. ஊர்த் தலைவரை அல்கால்தே என்கிறார்கள். நாம் காழியார் என்று அழைப்பதன் அரபு மூலமே அதற்கும் மூலம். ஏதேனும் ஒன்று நடக்க வேண்டும் என்று ஏங்கும்போது மெக்சிகோவின் கிராமத்துக் கிழவியும் ஓஹலா என்கிறாள். இறைவன் நாடினால் என்னும் அரபுத் தொடரே தேய்ந்து அச்சொல்லாயிற்று. தாம் எம்மொழியின் சொல்லைச் சொல்கிறோம் என்பதை அவள் அறியாள். அறிய வேண்டிய தேவையும் இல்லை. வாங்கியவர் வாயில் வழங்கிய பின் மொழி வாங்கியவருக்கே சொந்தம்.

இதனால் கற்பிக்கச் செல்கிறவனுக்கு இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, தான் எதிர்கொள்ளும் மக்களின் மொழி நிலை அவன் எண்ணுவது போல் எளிதானதன்று. குவாட்டிமாலாவின் மலையூரில் ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி என்று அவன் எண்ணிக்கொண்டிருப்பான். அப்பிள்ளை வீட்டில் மாயா மொழிகளுள் ஒன்றைப் பேசி, பள்ளியில் ஸ்பானிய மொழியோடு போராடி, மூன்றாவதாக அவனிடம் வந்து அமர்ந்திருக்கும். மற்றொன்று, எந்த மொழியும் பிறப்பால் ஒடுக்கும் மொழியுமன்று, ஒடுக்கப்பட்ட மொழியுமன்று. நிக்கராகுவாவில் 1980இல் எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, அந்நாட்டின் அட்லாண்டிக் கரையில் வாழும் கறுப்பின மக்கள், தாங்கள் வீட்டில் பேசும் ஆங்கிலத்திலேயே எழுத்தறிவு வேண்டும் என்று கேட்டார்கள். அவ்வாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்திலும், மிஸ்கிட்டோ, சுமோ ஆகிய தொல்குடி மொழிகளிலும் இயக்கம் விரிவாக்கப்பட்டது. அங்கே ஆங்கிலம் எளியவரின் தாய்மொழி. ஸ்பானிய மொழி அரசின் மொழி.

கட்டளையால் கற்பிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் புவர்ட்டோரிக்கா சான்று. 1898இல் அத்தீவு அமெரிக்காவின் கைக்கு வந்தபின், அரை நூற்றாண்டுக் காலம் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்று மொழியாக நிலைநிறுத்தப் பல வகையாக முயன்று பார்த்தார்கள். தனக்குப் புரியாத மொழியில் கணக்கும் வரலாறும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை அவற்றையும் கற்கவில்லை, ஆங்கிலத்தையும் கற்கவில்லை. 1949இல் ஸ்பானிய மொழி மீண்டும் பயிற்று மொழியாயிற்று. ஆங்கிலம் ஒரு பாடமாக நின்றது. மக்கள் வெறுத்தது ஆங்கிலத்தை அன்று. அது தங்கள் வீட்டு மொழியின் நாற்காலியைப் பறித்துக்கொண்டு அமர்ந்ததைத்தான்.

உடன் உழைத்தவர்கள்

தொண்டர்கள் கற்பிப்பதில் வேறொரு முறையும் அதே கண்டத்தில் நடந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டைக் கியூபா அரசு கல்வி ஆண்டாக அறிவித்தது. பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர், ஒரு தொங்குபடுக்கையும் ஒரு விளக்கும் பாடநூலும் எடுத்துக்கொண்டு மலைகளுக்கும் வயல்களுக்கும் புறப்பட்டனர். உழவர் வீடுகளிலேயே தங்கி, பகலில் அவர்களோடு வயலில் உழைத்து, இரவில் அந்த விளக்கொளியில் எழுத்துக் கற்பித்தார்கள். ஆண்டின் முடிவில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் எழுத்தறிவு பெற்றதாக அரசு அறிவித்தது. நகரத்துப் பிள்ளைகள், சோறு எப்படி விளைகிறது என்பதை அந்த உழவரிடம் கற்றார்கள். கொடுத்தலும் பெறுதலும் ஒரே கூரையின் கீழ் நடந்தன.

இதையும் குறையற்றதென்று சொல்லிவிடக்கூடாது. அவர்களுடைய பாடநூலின் முதற்பாடமே அமெரிக்க நாடுகளின் அமைப்பின் பெயர்ச் சுருக்கத்தை வைத்து உயிரெழுத்துகளைக் கற்பித்தது. ஆட்சியின் அரசியல் எழுத்தோடு எழுத்தாக உள்ளே சென்றது. கற்று முடித்தவர் தேர்வாக எழுத வேண்டியிருந்தது, காஸ்ட்ரோவுக்கு ஒரு கடிதம். ஆகவே, வடக்கிலிருந்து வருகிறவன்தான் அரசியலைச் சுமந்து வருகிறான், உள்ளூரான் கற்பித்தால் அது தூய்மையானது என்ற வாதமும் நிலைக்காது. கற்பிக்கிறவன் ஒவ்வொருவனும் எதையோ சுமந்துகொண்டுதான் வருகிறான். சுமையை மறைக்கிறானா, கற்பவர் காணும்படி இறக்கி வைக்கிறானா என்பதே கேள்வி.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே இக்கேள்வியை ஆழமாக எண்ணியவர். 1964இல் பிரேசிலில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்து, சிலியில் ஐந்தாண்டுகள் வாழ்ந்தார். அவருடைய தாய்மொழி போர்ச்சுக்கீசியம். சிலியின் உழவர்களிடையே ஸ்பானிய மொழியில் பணியாற்றினார். ஒடுக்கப்பட்டோருக்கான கல்விமுறை பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் அங்கேதான் எழுதப்பட்டது. மாணவனை வெறும் பாத்திரமாகக் கருதி அதில் அறிவை ஊற்றி நிரப்பும் முறையை அவர் கண்டித்தார். ஆசிரியரும் மாணவரும் இருவருமே கற்கும்போதுதான் அது கல்வி என்பது அவருடைய கொள்கை. அயல் மொழியில், அயல் நாட்டில், தாமே கற்பவராக இருந்துகொண்டு கற்பித்தவர் அக்கொள்கையை வகுத்தது தற்செயலானதென்று தோன்றவில்லை.

நாவு தடுமாறுதல்

தொண்டனாகச் செல்கிறவன் முதலில் செய்ய வேண்டியது என்ன என்பதற்கு விடை இங்கே கிடைக்கிறது. அவன் கற்பிக்கத் தொடங்குமுன் அம்மக்களின் மொழியை அவர்களிடமே கற்கத் தொடங்க வேண்டும். இல்லிச் குவெர்னவாக்காவில் நடத்திய நிலையமும், அங்கே வந்த குருமார்களுக்கும் தொண்டர்களுக்கும் ஸ்பானிய மொழி கற்பிப்பதையே தன் முக்கியப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது என்பது நினைவுகூரத் தக்கது.

மொழி தெரிந்தால் வேலை எளிதாகும் என்பது சிறிய பயன். பெரிய பயன் வேறு. புதுமொழி கற்பவன் குழந்தையாகிறான். தன் ஊரில் பட்டதாரியாக, நகைச்சுவை வல்லவனாக, நாவன்மை மிக்கவனாக இருந்தவன், இங்கே உப்புக் கேட்கத் தெரியாமல் கையால் சைகை காட்டுகிறான். வெட்கமாக இருக்கிறது என்று ஆங்கிலச் சொல்லை ஒத்திருக்கும் எம்பராசாதா என்ற சொல்லைத் துணிந்து சொல்லும் இளம்பெண், தான் கருவுற்றிருப்பதாக ஊரறியச் சொல்லிவிட்டதைப் பிறகே அறிகிறாள். வகுப்பு முழுவதும் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பில் பெரிய நீதி ஒன்று நடைபெறுகிறது. நேற்றுவரை தாம் தவறிழைக்க அஞ்சிய பிள்ளைகள், ஆசிரியையும் தவறிழைக்கக்கூடியவர் என்று கண்டுகொள்கிறார்கள். பள்ளி என்னும் ஆங்கிலச் சொல்லை நம் ஊர்ப் பெரியவர்கள் இஸ்கூல் என்பது போலவே அப்பிள்ளைகள் எஸ்கூல் என்பார்கள். அவர்கள் மொழியில் அவ்வொலிச் சேர்க்கை சொல்லின் முதலில் வருவதில்லை. அதைச் சோம்பல் என்றோ அறியாமை என்றோ எண்ணாமலிருக்க, தன் நாவும் ஒருமுறை தடுமாறியிருக்க வேண்டும்.

இன்னும் நுட்பமான பாடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வேற்றுமை இல்லை. நாயையும் நாடாளும் தலைவரையும் ஒரே சொல்லால் அழைக்கலாம். ஸ்பானிய மொழியிலோ தூ என்பதும் உஸ்தேத் என்பதும் வேறு. மத்திய அமெரிக்காவிலும் அர்ஜென்டினாவிலும் வோஸ் என்ற மற்றொன்றும் வழங்குகிறது. எவரை எப்போது எச்சொல்லால் அழைப்பது என்பது நாட்டுக்கு நாடு மாறும். கோஸ்ட்டாரிக்காவிலும் கொலம்பியாவின் சில பகுதிகளிலும் வீட்டாரையே மரியாதைச் சொல்லால் அழைப்பதுண்டு. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் வைத்துப் பழகிய நமக்கு இதன் அருமை விளங்கும். ஆங்கிலம் பேசுகிறவன் இதைக் கற்கும்போது இலக்கணத்தை மட்டும் கற்கவில்லை. எதிரில் நிற்கும் துப்புரவுப் பணிப்பெண்ணுக்கும் எந்த அளவு மரியாதை தரவேண்டும் என்று ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் எண்ணக் கற்கிறான். தொண்டு செய்ய வந்தவனுக்கு இதைவிடத் தேவையான பயிற்சி வேறில்லை.

கணக்கு முடிக்கும் இடம்

இப்போது தொடக்க வினாவுக்கு வரலாம். தொண்டன் செய்வது கொடையா?

அவன் பெற்றுக்கொள்வதையும் ஏட்டில் எழுதிப் பாருங்கள். ஒரு குடும்பம் அவனுக்கு இடம் கொடுத்தது. ஒரு தாய் சமைத்துப் போட்டாள். ஒரு மொழியை ஊரே கூடிக் கற்றுக் கொடுத்தது. ஊர் திரும்பியதும் அவ்வனுபவம் அவனுக்கு வேலை தேடித் தரும் சான்றாகிறது. உலகம் கண்டவன் என்ற பெயரும் வருகிறது. இவற்றைப் பெறுவதில் தவறேதும் இல்லை. பெற்றதை மறைத்துக்கொண்டு கொடுத்ததை மட்டும் பேசுவதே தவறு. கொடை என்று பெயரிட்டுவிட்டால் பெற்றவர் என்றென்றும் நன்றிக்கடன்பட்டவராகிறார். கொடுத்தவனிடம் குறை கூறும் உரிமையையும் இழக்கிறார். "உங்கள் பாடம் எங்கள் பிள்ளைகளுக்கு உதவவில்லை" என்று ஒரு பெற்றோர் சொல்லத் துணியாத இடத்தில், தொண்டு நடந்தாலும் நீதி நடக்கவில்லை. அதே உறவுக்குப் பரிமாற்றம் என்று பெயரிட்டால் இரு தரப்பும் நிமிர்ந்து நிற்கலாம். இரு தரப்பும் கணக்குக் கேட்கலாம்.

ஆகவே இத்தொண்டு அறமாவதற்குச் சில நிபந்தனைகளைச் சொல்லலாம். அது அழைப்பின்மேல் நடக்க வேண்டும்; போ என்று சொல்லும் உரிமை அழைத்தவர்க்கு இருக்க வேண்டும். 1971இல் பொலிவியா அரசு அமைதிப்படையினரை நாட்டை விட்டு அனுப்பியபோது பலர் மனம் நொந்தார்கள். ஆனால் போகச் சொல்ல முடியாத விருந்தினனுக்கு விருந்தினன் என்று பெயரில்லை. அடுத்து, வருகிறவன் உள்ளூர் ஆசிரியரின் இடத்தில் நிற்காமல் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த ஆசிரியரோடு ஆங்கிலத்தில் நாள்தோறும் உரையாடி அவருடைய நாவைத் தேற்றுவது, பிள்ளைகளுக்கு நூறு சொற்களை ஒப்பிக்கச் செய்வதைவிட நீண்ட பயன் தரும். ஏனெனில் அவர் அங்கேயே இருப்பவர். வணிக நிறுவனத்தின் விளம்பரத்துக்குப் பிள்ளைகளின் முகங்களைப் படம் பிடித்துக் கொடுக்கக்கூடாது. சில வாரங்கள் மட்டுமே இருக்க இயலுமானால் ஆசிரியன் என்ற பெயரை ஏற்காமல், சுற்றிப் பார்க்கவும் கற்கவும் வந்தவன் என்று நேர்மையாகச் சொல்லிக்கொள்ளலாம். அவ்வளவில் இல்லிச் சொன்னது முற்றிலும் சரி.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே அளவுகோல்தான் இருக்கிறது. தொண்டன் புறப்பட்டுச் சென்ற மறுநாள் அந்த வகுப்பறை எப்படி இருக்கிறது? ஆசிரியர் முன்பைவிடத் தன்னம்பிக்கையோடு கரும்பலகையின் முன் நிற்கிறாரா? பிள்ளை ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டதோடு, தன் வீட்டு மொழியையும் தலைநிமிர்ந்து பேசுகிறதா? ஆம் என்றால், சென்றவன் நல்லது செய்தான். அவன் இல்லாத நாளில் ஏக்கமும் வெறுமையுமே எஞ்சியிருந்தால், அவன் தன்னைத்தான் கொண்டுவந்து கொடுத்தான்; போகும்போது தன்னையே எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கல்வி கொடுத்தால் குறையாது என்ற பழஞ்சொல் மெய்தான். ஆனால் அது கொடுப்பவனைப் பற்றிய சொல். பெறுகிறவனிடமும் எதுவும் குறையாமல், அவனுடைய ஆசிரியரின் மதிப்பும், அவன் தாயின் மொழியும், போதும் என்று சொல்லும் உரிமையும் குறையாமல் கொடுக்கத் தெரிந்தவனுக்கே அச்சொல் முழுமையாகப் பொருந்தும்.